பூமி பிடி விடும் சனிக்கிழமை

நம் வயதுக்காரர்களிடம் ஒரு கேள்வி. சின்ன வயதில் உங்களுக்கு எதைக் கண்டால் பயம்? பிள்ளை பிடிக்கிறவன் என்பீர்கள், சுடுகாட்டு வழி என்பீர்கள், கணக்கு வாத்தியார் என்பீர்கள். எனக்கு வானம். சிரிக்காதீர்கள். வாசல்படி தாண்டி வெளியே கால் வைத்தால் தலைக்கு மேல் கூரை இல்லை, எட்டிப் பிடிக்க ஒரு கிளைகூட இல்லை. கால் தரையை விட்டால் மேலே போய்க்கொண்டே இருக்க வேண்டியதுதான். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஓர் ஆடி மாதம் முழுக்க இந்தப் பயத்தோடுதான் நான் சோறு தின்றேன், பள்ளிக்கூடம் போனேன், தூங்கினேன். அதை எனக்குள் ஏற்றிவிட்டவர்கள் என் அப்பாவும் சித்தப்பாவும்.

அப்போது நாங்கள் கணபதியில் இருந்தோம். முன்பக்கம் அப்பாவின் பட்டறை, பின்பக்கம் வீடு. அப்பா மோட்டார் காயில் கட்டுகிறவர். புகைந்துபோன கிணற்று மோட்டார்கள் சுற்றுவட்டாரத்துத் தோட்டங்களிலிருந்து டெம்போவில் வந்து எங்கள் வாசலில் இறங்கும். கருகிய செம்புக் கம்பியைப் பிடுங்கி எறிந்துவிட்டுப் புதுக்கம்பி சுற்றி, வார்னிஷ் ஊற்றிக் காயவைத்துக் கொடுப்பார். வீடு முழுக்க அந்த வார்னிஷ் வாசனைதான். எங்கள் வீட்டுத் தோசையிலும் அது இருக்கிறது என்று வகுப்புப் பிள்ளைகள் கேலி செய்வார்கள். அந்த வாசனை இல்லாத தோசை எனக்கு இன்றைக்கும் என்னவோ போலத்தான் இருக்கிறது.

அப்பா பத்தாவதோடு நிறுத்தியவர். அவர் தம்பி, என் சித்தப்பா, கல்லூரியில் பிசிக்ஸ் வாத்தியார். அண்ணன் பட்டறையில் நின்றதால்தான் தம்பி காலேஜ் போனார் என்பது எங்கள் சொந்தத்தில் எல்லாருக்கும் தெரியும். அவர்கள் இரண்டு பேர் மட்டும் அதைப் பற்றிப் பேசியதே இல்லை. சித்தப்பா ஞாயிறு தவறாமல் சரவணம்பட்டியிலிருந்து மொபெட்டில் வருவார். கறிச்சோறு முடிந்ததும் இருவரும் பட்டறைக்குப் போய், ஆளுக்கொரு பழைய மோட்டார் கூட்டின் மேல் உட்கார்ந்து சண்டையை ஆரம்பிப்பார்கள். அந்த வருடத்துச் சண்டை, பூமி நம்மைப் பிடித்து இழுக்கிறதே, அது எந்தச் சக்தியால் என்பது.

“தொடாம இழுக்கறது ஒலகத்துல ரெண்டே ரெண்டுதான் தம்பி,” என்பார் அப்பா. “ஒண்ணு மேக்னட்டு, இன்னொண்ணு பூமி. பக்கத்துல போனா ரெண்டும் பலமா இழுக்குது, தள்ளிப் போனா ரெண்டும் கொறையுது. அப்பறம் எப்புடி அது வேற இது வேறங்கற? பூமி இழுக்கறதும் கரண்ட்டுலதான்.”

“மேக்னட்டு இரும்பைத்தானுங்கண்ணா இழுக்கும். பூமி பஞ்சையும் இழுக்குது, பித்தளையும் இழுக்குது. ஆளுக்கு ஆள் பாரபச்சம் பாக்கறதில்லீங்க.”

“மோட்டாருக்குள்ள சுத்தற ரோட்டார்ல கம்பியா ஓடறது அலுமினியம். அதை எந்த மேக்னட்டு இழுக்கும்? சுச்சப் போட்டா சுத்துதில்ல? அதுக்குள்ள ஒரு ஒயராவது போகுதா?”

“சரிங்க. கரண்ட்டுல இழுக்கறதும் உண்டு, தள்ளறதும் உண்டு. பூமி எதையாச்சும் தள்ளி உட்டுப் பாத்திருக்கீங்களா?”

“நீ பாக்கலைங்கறதுக்கோசரம் இல்லைன்னு ஆயிருமா?”

சித்தப்பா யோக்கியமான மனிதர். இரண்டு மடங்கு தூரம் போனால் இழுப்பு நாலில் ஒரு பங்கு ஆகிவிடும், அந்தக் கணக்கு மின்சாரத்துக்கும் புவியீர்ப்புக்கும் ஒன்றேதான் என்று ஒப்புக்கொண்டார். இரண்டையும் ஒன்றாக முடிச்சுப் போட உலகத்தில் பெரிய பெரிய மூளைக்காரர்கள் எல்லாம் முயற்சி செய்து கையை விரித்துவிட்டார்கள் என்றும் சொன்னார். “அப்ப அவியளும் இல்லைன்னு சொல்லலை, பாத்தியா!” என்று அப்பா தொடையில் தட்டிக்கொண்டார்.

அப்பாவின் கடைசி அஸ்திரம் எர்த் குழி. பட்டறைக்குப் பின்னால் சுவரோரம் ஓர் இரும்புக் குழாய் முழங்கால் உயரத்துக்கு நிற்கும். மிச்சமெல்லாம் மண்ணுக்குள், உப்பும் கரியும் கொட்டிய குழியில். பட்டறையில் எந்த மோட்டாரில் கரண்ட் கசிந்தாலும் அந்தக் குழாய் வழியாகப் பூமிக்குள் போய்விடும். குழி காயக்கூடாது, தினமும் சாயங்காலம் ஒரு குடம் தண்ணீர் ஊற்றுவது என் வேலை.

“ஒவ்வொரு பட்டறையிலயும் எர்த்து, ஒவ்வொரு கம்பத்துலயும் எர்த்து. இத்தன கரண்ட்டும் பூமிக்குத்தானே போகுது? வாங்கி வெச்சுட்டுப் பூமி என்ன பண்ணுது? நம்மையெல்லாம் புடிச்சுட்டிருக்குது!”

சித்தப்பா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மோட்டார் கட்டுகிறவன்தான் இப்படித் தப்பாக யோசிக்க முடியும் என்று இப்போது எனக்குத் தெரிகிறது. அப்போது நான் சிரிக்கவில்லை. தினமும் குடம் சுமக்கிறவளுக்கு அது ரொம்ப நியாயமாகப் பட்டது.

அந்த அளவில் நின்றிருந்தால் பாதகமில்லை. அப்பா நிரூபித்தே தீருவேன் என்று கிளம்பினார். தெரிந்த ஒருவரின் இரும்பு வார்க்கும் பவுண்டரியில் பழைய இரும்பைத் தூக்க கிரேனில் ஒரு மேக்னட் தொங்கியது. பெரிய வட்டமான கறுப்பு இரும்பு. அதன் கீழே எடைமேடையை வைத்து, மேலே தண்ணீர் நிறைத்த பித்தளைக் குடத்தை வைத்தார். மேக்னட்டைப் போட்டதும் எடை குறைந்தது. என் கண்ணால் பார்த்தேன். அப்பா குதித்தார்.

“அண்ணா, எடைமேடையே இரும்புங்க. அது மேடையத் தூக்குதுங்க, கொடத்தை இல்லீங்க.”

“எடைமேடை இரும்புலதான் இருக்கும். பின்ன பஞ்சுலயா செய்வாங்க?”

இவர்கள் கத்திக்கொண்டிருக்கும்போதே, முற்றத்தின் அந்தக் கோடியில் கிரேன் தன் வேலையை ஆரம்பித்துவிட்டது. ஒரு பாரம் பழைய இரும்பு, உடைந்த பல்சக்கரமும் குழாயும் ஆணியும் சேர்ந்து, அந்தரத்தில் போய்க்கொண்டிருந்தது. எங்கோ சைரன் அடங்குகிற மாதிரி ஒரு சத்தம். மொத்தமும் கீழே கொட்டியது. தரை அதிர்ந்து என் பல் கிடுகிடுத்தது. புழுதி அடங்கியபோது கிரேன்காரர் பீடியைப் பற்றவைத்துக்கொண்டே சொன்னார்: “கரண்ட்டு போச்சுங்க. புடி உட்டுருச்சு.”

அவ்வளவுதான். பூமி நம்மைக் கரண்ட்டால்தான் பிடித்திருக்கிறது என்று அப்பா சொன்னது. எடை குறைந்ததை நானே பார்த்தது. கரண்ட் போனால் பிடி விட்டுவிடும் என்று கிரேன்காரர் சொன்னது. மூன்றையும் சேர்த்துப் பார்க்க எனக்கு எந்தக் காலேஜும் தேவைப்படவில்லை. அந்த இரும்பு கீழே விழுந்தது, கீழே பூமி இருந்ததால். பூமியே பிடி விட்டால் நாம் விழ இருக்கும் இடம் மேலேதான்.

ஆடிக்காற்று வேறு வந்துவிட்டது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற அந்தக் காற்றைக் கோயமுத்தூர்க்காரர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. கொடியில் கிடந்த அம்மாவின் சேலை பறந்து போய்ப் பக்கத்து வீட்டு ஆன்டெனாவில் மாட்டியது. கம்பிகள் உரசிக் கரண்ட் போய்ப் போய் வந்தது. டியூப்லைட் அணைந்து மின்விசிறி சுற்றி அடங்கும்போதெல்லாம் நான் ஜன்னல் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்வேன். ஒவ்வொரு முறையும் ஒன்றும் ஆகவில்லைதான். எங்கள் தெருவில் கரண்ட் போனாலும் சரவணம்பட்டியில் இருக்கிறது, அதை வைத்துப் பூமி பிடித்துக்கொள்கிறது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

எடைக்கு எடை சேர்க்கப் பட்டறையிலிருந்து பெரிய நட்டுகளைப் பாவாடைப் பையில் போட்டுக்கொண்டேன். பை கிழிந்து நட்டெல்லாம் வகுப்பில் உருண்டது. அம்மா நான் இரும்பைத் தின்கிறேன் என்று முடிவு கட்டினார். வயிற்றில் பூச்சி என்று பேதிக்குக் கொடுத்தார். பேதி ஆகி இன்னும் எடை குறைந்ததில் என் கிலி இரண்டு மடங்கானது. அடுத்தது, எதையோ கண்டு பயந்திருக்கிறாள் என்று கூட்டிப்போய் மந்திரித்துத் தாயத்துக் கட்டினார்கள். செம்புத் தாயத்து. “இரும்புல இல்லீங்களா?” என்று கேட்டேன். மந்திரிக்கிறவர் அம்மாவை ஒரு மாதிரி பார்த்தார்.

என்னை விடுங்கள். என் பெரிய பயம் என் தம்பியைப் பற்றித்தான். எட்டு மாதக் குழந்தை, சேலைத் தொட்டிலில் கிடப்பவன். தூக்கினால் தலையணை மாதிரி இருப்பான். போனால் அவன்தான் முதலில் போவான். மோட்டாருக்குள் அடுக்குகிற இரும்புத் தகடுகள் நாலைந்தைத் துணியில் சுற்றித் தொட்டிலில் அவன் காலடியில் வைத்தேன். அம்மா அதைக் கண்டுபிடித்தபோது எனக்கு உயிரே போய்விட்டது. ஆனால் அம்மாவின் முகம் மலர்ந்தது. பச்சைக் குழந்தை பக்கத்தில் இரும்பு இருந்தால் காத்து கருப்பு அண்டாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம்.

“பாத்தீங்ளா, என்ற புள்ளைக்கு எத்தன வெவரம்! நானே மறந்துபோட்டேன்,” என்று அப்பாவிடம் பெருமையடித்துக்கொண்டார். அன்றைக்கு அம்மா “எதுக்கு வெச்ச?” என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் நான் எல்லாவற்றையும் கொட்டியிருப்பேன். கேட்கவில்லை.

ஒரு வியாழக்கிழமை காலை அப்பா டீயைக் குடித்துக்கொண்டே பேப்பரைச் சத்தமாகப் படித்தார். சனிக்கிழமை பராமரிப்பு வேலை. கணபதி, சரவணம்பட்டி, இன்னும் வரிசையாக ஊர்கள். காலை ஒன்பதிலிருந்து சாயங்காலம் ஐந்து வரை கரண்ட் இருக்காது. பட்டறைக்காரர்களுக்குக் கரண்ட் இல்லாத நாள்தான் லீவு நாள். “பவானி போயிட்டு வந்தர்லாம். கூடுதுறைல ஒரு முழுக்கு. தம்பியவும் வரச் சொல்லிர்றேன்,” என்றார் அப்பா.

சரவணம்பட்டியும் போகிறது. பகல் முழுக்கப் போகிறது. அதுவும் நடு ஆற்றில், மேலே ஒன்றுமே இல்லாத இடத்தில் நிற்கச் சொல்கிறார்கள். நான் வரமாட்டேன் என்று அழுதேன். பவானியில் புது ஜமக்காளம் வாங்கித் தருவதாக அம்மா ஆசை காட்டினார். ஜமக்காளம் என்ன, அதில் என்னைச் சுருட்டிக் கட்டினாலும் நான் போவதாக இல்லை. வெள்ளிக்கிழமை எர்த் குழிக்கு ஒரு குடத்துக்குப் பதில் கை வலிக்கிற வரை ஊற்றினேன். ஒரு நாளைக்குத் தாங்குகிற அளவு பூமி குடித்து வைத்துக்கொள்ளட்டும் என்று நினைத்தேன்.

சனிக்கிழமை. சித்தப்பா வந்துவிட்டார். அம்மா கட்டுச்சோறு கட்டிக்கொண்டிருந்தார். அப்பா, பாடியைத் தொட்டால் ஷாக் அடிக்கிறது என்று வந்திருந்த ஒரு மோட்டாரைக் கிளம்புவதற்குள் பார்த்துவிடலாம் என்று மேஜையில் மாட்டி ஓட்டினார். ஒன்பது மணிக்கு மோட்டார் இழுத்து இழுத்து ஓய்ந்தது. வழக்கமாகக் காதில் இருந்துகொண்டே இருக்கும் டிரான்ஸ்பார்மர் இரைச்சல் நின்றுபோனது. அந்த அமைதியைப் போல எதற்கும் நான் அதற்குப் பிறகு பயந்ததில்லை.

தம்பியைத் தொட்டிலிலிருந்து தூக்கினேன். அம்மாவின் பழைய சேலையை எடுத்துக்கொண்டு பின்பக்கம் ஓடினேன். பூமிக்குள் ஆழமாகப் போகிற பொருள் எங்கள் வீட்டில் எர்த் குழாய் ஒன்றுதான். ஈரச் சேற்றில் வெறுங்காலோடு உட்கார்ந்து, தம்பியை மடியில் வைத்து, சேலையால் எங்கள் இருவரையும் எர்த் குழாயோடு சேர்த்துச் சுற்றினேன். முடிச்சுப் போட்டேன், முடிச்சு மேல் முடிச்சு. காற்று அடித்தது. வேப்பிலையும் பாலித்தீன் பையும் மேலே மேலே போனதைப் பார்த்துக் கண்ணை மூடிக்கொண்டேன். தம்பி அழுதான். அவன் அழுவது நல்லதாகவே பட்டது, இன்னும் இருக்கிறான் அல்லவா.

உள்ளே அம்மா அலறியது கேட்டது. வெறும் தொட்டிலைப் பார்த்துவிட்டார். மூன்று பேரும் வீட்டைச் சுற்றி ஓடி வந்தார்கள். முதலில் எங்களைக் கண்டவர் அப்பா.

அந்த முகம் இன்னும் எனக்கு மறக்கவில்லை. எங்களிடம் ஓடி வருவார் என்று பார்த்தால், “ஆரும் தொடாதீங்க!” என்று கத்திவிட்டுத் திரும்பிப் பட்டறைக்குள் ஓடினார். உள்ளே மெயின் சுவிட்சு இறங்கிய சத்தம் கேட்டது. அப்புறம்தான் வந்தார். காரணம் எனக்கு வளர்ந்த பிறகுதான் விளங்கியது. மேஜையில் அந்த ஷாக் அடிக்கிற மோட்டார் போட்ட சுவிட்சு போட்டபடி இருந்தது. லைன்காரர் யாராவது சோதித்துப் பார்க்க ஒரு நிமிடம் கரண்ட்டை விட்டிருந்தால், கசிவு முழுக்க நேராக அந்தக் குழாய்க்குத்தான் வந்திருக்கும், சேற்றில் நனைந்து உட்கார்ந்திருந்த எங்கள் மேல். கரண்ட் போனதற்கு நான் நடுங்கினேன். கரண்ட் வந்துவிடுமோ என்று அவர் நடுங்கினார்.

கம்பி வெட்டும் கத்தியால் சேலையைக் கிழித்தார். அம்மா தம்பியைப் பிடுங்கிக்கொண்டு எனக்கு ஓர் அறை விட்டார், உடனே என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். அப்பா சேற்றிலேயே குத்தவைத்தார்.

“ஏன் கண்ணு இப்புடிப் பண்ணுன?”

“கரண்ட்டு போச்சுங்கப்பா. பூமி புடி உட்டுரும். தம்பி கனமே இல்லீங்க.”

சித்தப்பாதான் முதலில் வாயைத் திறந்தார்: “அம்மணி, அது வந்து, புவியீர்ப்புங்கறது...” அப்பா கையைக் காட்டி நிறுத்தினார். என் இரண்டு தோளையும் பிடித்தார்.

“உங்க சித்தப்பன் சொன்னதுதான் நெசம். நான் சொன்னதெல்லாம் தப்பு கண்ணு. பூமிக்கு ஒயரும் இல்ல, சுச்சும் இல்ல. அது ஆரையும் உடாது.” பிறகு அண்ணாந்து தன் தம்பியைப் பார்த்தார். “நீ செயிச்சுட்டப்பா. நான் படிக்காதவன், என்னமோ ஒளறிட்டேன்.”

அப்பா எதிலும் தோற்று நான் பார்த்ததில்லை. சித்தப்பாவின் முகத்தில் ஜெயித்த களையே இல்லை. நான் மெல்ல எழுந்து நின்றேன். கால் தரையில்தான் இருந்தது. பவானிக்கு அன்றைக்குப் போகவில்லை. கட்டுச்சோற்றை வீட்டிலேயே உட்கார்ந்து தின்றோம்.

என் பயம் கொஞ்சம் கொஞ்சமாகப் போனது. கூடவே சண்டையும் போனது. அடுத்த ஞாயிறு சித்தப்பா எதையோ ஆரம்பித்தார். “நீ சொன்னாச் செரிதான் தம்பி,” என்றார் அப்பா. அதற்கடுத்த ஞாயிறும் அதே. ஒத்துக்கொள்கிற அண்ணனிடம் சித்தப்பா எதைப் பேசுவார்? மொபெட் மாதம் ஒருமுறை வந்தது, பிறகு நோம்பி, பண்டிகைக்கு மட்டும் வந்தது. “வீட்ல சத்தமில்லாம நிம்மதியா இருக்குது,” என்றார் அம்மா. நானும் அப்படித்தான் நினைத்தேன். படித்து மேலே போய்விட்ட தம்பியை வாராவாரம் தன் பட்டறைக்கு இழுத்துவர அப்பாவிடம் இருந்தது அந்தச் சண்டை ஒன்றுதான் என்று புரிய எனக்குத் தலை நரைக்க வேண்டியிருந்தது. அதை எனக்காகச் சேற்றில் போட்டுவிட்டு எழுந்திருக்கிறார்.

அன்றைக்கு நான் கட்டிவைத்த தம்பி இப்போது ஓசூரில் இருக்கிறான். அவன் இருக்கிற கனத்துக்கு இரும்பு தேவையில்லை. பட்டறை இல்லை, எர்த் குழாயைச் சுவரோடு சேர்த்துப் பூசிவிட்டார்கள். அப்பாவுக்குச் சில மாதமாகக் கை தடுமாறுகிறது. சாவித்துவாரத்தில் சாவி நுழைவதில்லை. தலையை ஸ்கேன் செய்யச் சொன்னார்கள். போன வாரம் கூட்டிப்போனேன்.

“உள்ள பெரிய மேக்னட்டு இருக்குதுங்கய்யா. இரும்புச் சாமான் எதுவும் கூடாதுங்க,” என்றார் அங்கே இருந்த பையன். அப்பாவின் கண் பளிச்சென்றது. “எத்தன பெருசுங்க?” என்று கேட்டார். அரைஞாணில் கோத்திருந்த சாவியைக் கழற்றி என் கையில் வைத்தார். கதவு மூடியது. உள்ளே தடதடவென்று சத்தம். நடுவில் விளக்கு ஒருமுறை அணைந்து எரிந்தது. இந்த வயதில், அத்தனை பேர் நடுவில், நான் நாற்காலியின் கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

வெளியே வந்ததும் சட்டைப் பொத்தானைப் போட முடியாமல் போட்டுக்கொண்டே சொன்னார்: “உன்ற சித்தப்பனுக்குப் போனைப் போடு.”

போட்டுக் கொடுத்தேன். சத்தம் எனக்கும் கேட்டது. “என்னாச்சுங்கண்ணா? ஒடம்புக்கு என்னங்க?” என்று பதறினார் சித்தப்பா.

“ஒடம்பு கெடக்குது. மேக்னட்டுக்குள்ளயே படுத்துட்டு வந்துட்டேன் தம்பி. எடை கொறஞ்சாப்ல லேசாத்தான் இருந்துச்சு. அன்னைக்குப் புள்ளைக்கோசரம் உட்டுக்குடுத்தேன், தோத்தெல்லாம் போகல. ஞாயித்துக்கெழம வா, பேசிக்கலாம்.”

போன் கட்டாகிவிட்டதோ என்று அப்பா அதைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தார்.

“உட்டுக்குடுத்தீங்கன்னு எனக்கு அன்னைக்கே தெரியுமுங்கண்ணா,” என்றது சித்தப்பாவின் குரல். “வாரனுங்க.”

ஸ்கேன் ரிப்போர்ட் திங்கட்கிழமைதான் கிடைக்கும். வீட்டுக்கு வருகிற வழியில் அம்மாவுக்குப் போன் செய்து, ஞாயிற்றுக்கிழமைக்குக் கறி எடுக்கச் சொன்னேன்.